துமாளிர்: புளிக்கத் தொடங்கும் பாலிலிருந்து பிறந்த பெயர்

அரபுக் கவிதை வரலாற்றில் தலைசிறந்த பெண் கவிஞர் யார் என்று கேட்டால், அல்-கன்ஸா என்ற விடை தயக்கமின்றி வரும். ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பனூ ஸுலைம் குலத்தில் பிறந்து, இஸ்லாம் தோன்றிய காலத்தையும் கண்டு, போரில் மாண்ட தம் சகோதரர்களுக்காகக் கையறுநிலைப் பாடல்களைப் பாடி அழியாப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் அல்-கன்ஸா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. முகத்தோடு ஒட்டிப் பின்வாங்கி, நுனி சற்றே மேலெழுந்த மூக்கைக் குறிக்கும் அடைமொழி அது. மானுக்கும் காட்டுப் பசுவுக்கும் அத்தகைய மூக்கு இருப்பதாக அரபுக் கவிஞர்கள் பாடியதால் அழகின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. அவருடைய இயற்பெயர் துமாளிர். முழுமையாகச் சொன்னால் துமாளிர் பின்த் அம்ர், அதாவது அம்ரின் மகள் துமாளிர்.

புகழ்பெற்ற ஒருவருக்கு உரிய இந்தப் பெயர் அரபு நாடுகளிலேயே அரிதாகத்தான் இன்று சூட்டப்படுகிறது. பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்களில் இதற்கு எதிரே "வெண்மையானவள்" என்றோ "அழகி" என்றோ ஒற்றைச் சொல் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு பால் பாத்திரத்தின் அருகே போய் நிற்போம். அதுவும் புதிதாகக் கறந்த இனிய பால் இருக்கும் பாத்திரமன்று, புளிக்கத் தொடங்கிவிட்ட பால் இருக்கும் பாத்திரம்.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து கிளைப்பவை. துமாளிர் என்ற பெயரின் வேர் மீம், ளாத், ரா என்ற மூன்று எழுத்துகள். இந்த வேரின் அடிப்படை வினையான "மளர" என்பது பால் புளித்து வெளுப்பதைக் குறிக்கிறது. "மாளிர்" என்று அழைக்கப்படும் பால் எது என்பதை அகராதி ஆசிரியர்கள் இன்னும் நுட்பமாக விளக்குகிறார்கள்: முழுவதும் உறைந்து தயிராவதற்கு முன்பே நாக்கைச் சுள்ளென்று கடிக்கும் பால் அது. ஒட்டகப் பாலையும் ஆட்டுப் பாலையும் முதன்மை உணவாகக் கொண்டிருந்த பாலைவன மக்கள், கறந்த சூட்டில் இருக்கும் பாலுக்கு ஒரு சொல், சற்றுப் புளித்ததற்கு ஒன்று, உறைந்ததற்கு ஒன்று, நாக்கில் வைக்க முடியாத அளவு புளித்ததற்கு வேறொன்று என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் இடைப்பட்ட ஒரு நிலையின் பெயர்தான் மாளிர். அப்பாலில் இறைச்சியை வேகவைத்துச் செய்யும் குழம்புக்கு "மளீரா" என்று பெயர். அப்பாஸிய காலத்து விருந்துகளில் அது பெரிதும் விரும்பி உண்ணப்பட்டது.

பெயருக்கும் பாலுக்கும் உள்ள இந்த உறவை முதன்முதலில் தெளிவாகச் சொன்னவர்களுள் ஒருவர் இப்னு துரைத். பஸ்ராவில் பிறந்து 933-இல் பக்தாதில் மறைந்த அவர், அரபுப் பெயர்களின் சொற்பிறப்பை ஆராய்வதற்கென்றே ஒரு நூல் எழுதியவர். துமாளிர் என்ற பெயர் மாளிர் எனப்படும் பாலிலிருந்து வந்ததாகக் கருதுகிறேன் என்பது அவருடைய கூற்றாக, இப்னு மன்ஸூர் தொகுத்த பேரகராதியான லிஸானுல் அரபில் பதிவாகியிருக்கிறது. "கருதுகிறேன்" என்ற அந்தச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயர் விளக்கம் தேவைப்படும் அளவுக்குப் பழையதாகியிருந்தது என்பதையும், அந்தப் பேரறிஞர் தம் விளக்கத்தை முடிந்த முடிபாக வைக்கவில்லை என்பதையும் அது காட்டுகிறது. இன்றைய பெயர்ப் பட்டியல்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இதே வேரிலிருந்து வந்த இன்னொரு பெயர் வரலாற்றில் மிகப் பெரியது. வட அரபுக் குலங்களில் பெரும்பகுதியினர் தங்கள் மூதாதையாகச் சொல்லும் முளர் என்பவரின் பெயரே அது. நபிகள் நாயகத்தின் குலத்தாரான குறைஷிகளும் தமீம் குலத்தாரும் அல்-கன்ஸாவின் ஸுலைம் குலத்தாரும் முளரின் வழித்தோன்றல்கள் என்பது குலவரலாற்றாசிரியர்களின் கணக்கு. அந்த மனிதருக்கு ஏன் முளர் என்று பெயர் வந்தது என்பதற்கும் பாலைத்தான் காரணம் காட்டுகிறார்கள்: மாளிர் பாலை விரும்பிக் குடித்தவர் என்று சிலர் சொல்ல, பால்போல் வெளுத்த மேனியர் என்று வேறு சிலர் சொன்னார்கள். இப்படி வெண்மையின் பெயரைத் தாங்கியவருக்கு மரபு கொடுத்த அடைமொழி "சிவந்த முளர்" என்பதாகும். தந்தை நிஸார் தம் சொத்தைப் பகிர்ந்தபோது சிவந்த தோல் கூடாரம் இவர் பங்கில் வந்தது என்று அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

முளரையும் துமாளிரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு, துமாளிர் என்றால் முளர் குலத்துப் பெண், அல்லது முளர் குலத்தைத் தன் குலமாக உரிமை பாராட்டுபவள் என்று பொருள் கொள்ளத் தோன்றுவது இயல்பு. முளர் குலத்தாரைப் போல நடப்பதற்கும் அவர்கள் பக்கம் சாய்வதற்கும் இதே வேரிலிருந்து "தமள்ளர" என்ற வினை உண்டு என்பதால் இந்த விளக்கத்துக்கு ஓரளவு பிடிமானமும் இருக்கிறது. அல்-கன்ஸா முளர் வழியினர். நபிகள் நாயகத்தின் முப்பாட்டனாரான ஹாஷிமுக்குத் துமாளிர் என்று ஒரு சகோதரி இருந்தார் என்று பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவரும் குறைஷி என்பதால் முளர் வழியினர்தான். இதுவரை கணக்கு பொருந்தி வருகிறது.

ஆனால் சிரியப் பாலைவனத்தின் விளிம்பில், தூமத்துல் ஜந்தல் என்ற பாலைச்சோலை ஊரில், கல்ப் குலத் தலைவர் அல்-அஸ்பஃ என்பவரின் மகளுக்கும் துமாளிர் என்றே பெயர் இருந்தது. கல்ப் குலம் குளாஆ என்ற பெருங்குலத்தைச் சேர்ந்தது. குளாஆ குலத்தார் வட அரபியரா தென் அரபியரா என்று குலவரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் சண்டையிட்டிருக்கிறார்கள். எனினும் அந்தச் சண்டையில் எந்தத் தரப்பினரும் கல்ப் குலத்தை முளரின் வழியில் சேர்க்கவில்லை. முளரோடு உறவில்லாத, பிற்காலத்தில் முளர் குலங்களின் அரசியல் எதிரியாகவே விளங்கிய ஒரு குலத்தின் தலைவர், முளர் குலப் பெருமையைச் சொல்லும் பெயரைத் தம் மகளுக்கு வைத்திருப்பார் என்று நம்புவது கடினம். ஆகவே முளரும் துமாளிரும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்த இரண்டு பெயர்கள் என்று கொள்வதே பொருத்தம். இப்னு துரைதின் பால் விளக்கத்தை நான் ஏற்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வேரின் பொருள் புளிப்போடும் வெண்மையோடும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பசுமையைக் குறிக்கும் "களிர்" என்ற சொல்லோடு "மளிர்" என்பதைச் சேர்த்து, இளமையும் செழுமையும் மிக்கது என்ற பொருளில் அரபியர் பேசினார்கள். முதற்சொல்லின் ஓசையை இரண்டாம் சொல் எதிரொலித்து அழுத்தம் தரும் இந்த இணை, நாம் "பச்சைப் பசேல்" என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஒருவரைப் பற்றிய நற்பேச்சை இறைவன் இனிதாக்குவானாக என்று வாழ்த்துவதற்கும் இவ்வேரின் வினையைப் பயன்படுத்தியதாக அகராதிகள் குறிக்கின்றன. லிஸானுல் அரப், துமாளிர் என்ற பெயர் "இவற்றிலிருந்து" பிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் இப்னு துரைதின் கருத்தைத் தனியே எடுத்து வைக்கிறது. வெண்மை, புத்துணர்ச்சி, நாக்கைக் கடிக்கும் கூர்மை ஆகிய மூன்றும் ஒரே வேரில் கலந்திருக்கின்றன. பட்டியல்கள் அவற்றில் மென்மையான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன.

பெயரின் வடிவம் அதன் பொருளைவிட விந்தையானது. அரபுப் பெண்பெயர்களில் மிகப் பல, பண்பையோ பொருளையோ குறிக்கும் பெயர்ச்சொற்கள். ஃபாத்திமா, ஆயிஷா, ஸைனப், ஜமீலா என்பன அவ்வாறானவை. துமாளிர் அந்த வகையில் அடங்காது. "து" என்று தொடங்கி "-மாளிர்" என்று முடியும் இந்த அமைப்பு, "அவள் இன்னது செய்கிறாள்" என்ற பொருள்தரும் முற்றுவினையின் அமைப்பாகும். அதாவது ஒரு முழு வாக்கியமே பெயராக உறைந்து நிற்கிறது. பண்டைய அரபியருக்கு இது புதிதன்று. யஸீத் என்றால் "அவன் பெருகுகிறான்" என்று பொருள். யஷ்குர் என்பது "நன்றி பாராட்டுகிறான்" என்பதைக் குறிக்கும். தஃலிப் என்ற பெருங்குலத்தின் பெயரில் "வெல்கிறாள்" என்ற வினை இருக்கிறது. பெண்பெயர்களில் "மறைக்கப்படுகிறாள்" என்று பொருள்படும் துக்தம் என்பது இந்த வகையைச் சேர்ந்தது. துமாளிர் என்ற வினை அன்றாடப் பேச்சில் காணப்படாததால், அதற்கு "புளிப்பேற்றுகிறாள்" என்றோ "வெண்மை கொள்கிறாள்" என்றோ சொல்லுக்குச் சொல் நேர்பொருள் எழுதுவது துணிச்சலாகும். வினை மறைந்து பெயரின் உள்ளே அதன் தடம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பெயர் வினைச்சொல்லின் அமைப்பில் இருப்பதற்கு இலக்கண விளைவும் உண்டு. அரபுப் பெயர்ச்சொற்கள் பொதுவாக மூன்று வேற்றுமை உருவங்களை ஏற்று, இறுதியில் "ன்" என்ற ஒலியையும் பெறும். பெண்ணின் பெயராகவும் வினையின் அமைப்புடையதாகவும் இருக்கும் துமாளிர், அந்த இறுதி "ன்" ஒலியை ஏற்காது. மூன்று உருவங்களுக்குப் பதிலாகத் "துமாளிரு", "துமாளிர" என்ற இரண்டோடு நின்றுவிடும். இதற்கு எடுத்துக்காட்டாக அமையும் வரி, அல்-கன்ஸாவை மணக்க விரும்பிய துரைத் பின் அஸ்-ஸிம்மா என்ற குதிரைவீரரின் பாடலில் இருக்கிறது.

சொறி பிடித்த ஒட்டகங்களுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த இளம்பெண்ணைத் துரைத் தற்செயலாகக் கண்டதாகச் செய்தி. "ஹய்யூ துமாளிர" என்று தொடங்கும் அந்தப் பாடலில், துமாளிருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், தோழர்களே, சற்றே தங்குங்கள், நீங்கள் நிற்பதே எனக்குப் போதும் என்று அவர் கெஞ்சுகிறார். ஒட்டகத்துக்குத் தார் பூசும் இப்படியொருவரை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று வியக்கிறார். அடுத்து வரும் வரிகளில் அவளையே "குனாஸ்" என்று, கன்ஸா என்ற அடைமொழியைச் செல்லமாகச் சுருக்கி அழைக்கிறார். இயற்பெயரும் அடைமொழியும் ஒரே பாடலில் அருகருகே நிற்கும் அரிய இடம் இது. ஈட்டிமுனைகள் போன்ற என் பெரியப்பன் சிற்றப்பன் மக்களை விட்டுவிட்டு ஜுஷம் குலத்துக் கிழவரான இவரை மணப்பேனா என்ற கருத்தில் அவள் மறுத்துவிட்டாள். துரைத் 630-இல் ஹுனைன் போரில் மிக முதிர்ந்த வயதில் கொல்லப்பட்டார்.

புளிக்கும் பாலின் பெயரை ஒரு பெண்ணுக்கு வைப்பார்களா என்று தயங்குவோர், அந்தப் பெண்ணின் உடன்பிறந்தோர் பெயர்களைப் பார்க்க வேண்டும். ஒரு சகோதரர் பெயர் ஸக்ர், பொருள் பாறை. மற்றவர் முஆவியா, ஊளையிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பெயர் அது. அக்கால அரபியர் கசப்பான ஆற்றுத்தும்மட்டிக் காயின் பெயரான ஹன்ழலா என்பதையும், கசப்பு என்றே பொருள்படும் முர்ரா என்பதையும், நாய்கள் என்று பொருள்படும் கிலாப் என்பதையும் தயங்காமல் தம் மக்களுக்கு இட்டார்கள். பிள்ளைகளின் பெயர் பகைவரின் காதில் உறுத்த வேண்டும், அடிமைகளின் பெயரோ நம் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பது இதற்கு மரபாகச் சொல்லப்படும் விளக்கம். பாறையும் ஊளையும் நாக்கைக் கடிக்கும் பாலும் ஒரு குடும்பத்தில் ஒன்றுசேர்ந்தது அந்த மனநிலைக்கு முற்றிலும் இயைபானதே. இஸ்லாம் வந்த பிறகு, மாறுசெய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என்றும், தற்புகழ்ச்சி தொனிக்கும் பர்ரா என்ற பெயரை ஸைனப் என்றும் ஜுவைரியா என்றும் நபிகள் நாயகம் மாற்றியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு மாற்றப்பட்ட பெயர்களின் வரிசையில் துமாளிர் இல்லை. அல்-கன்ஸா தம் குலத்தாரோடு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றபோது, நபிகள் நாயகம் அவருடைய கவிதையை விரும்பிக் கேட்டதாகவே சொல்லப்படுகிறது.

கல்ப் குலத்துத் துமாளிரின் வரலாறு வேறு திசையில் சென்றது. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரி 6-இல் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் என்ற நபித்தோழர் தூமத்துல் ஜந்தலுக்கு ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிச் சென்று, அங்கேயே அல்-அஸ்பஃபின் மகளை மணந்து மதீனாவுக்கு அழைத்து வந்தார். கல்ப் குலத்துப் பெண்ணைக் குறைஷி ஒருவர் மணந்தது அதுவே முதன்முறை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மதீனாவின் பெரிய சட்ட அறிஞர்களுள் ஒருவராகப் பிற்காலத்தில் மதிக்கப்பட்ட அபூ ஸலமா இவர்களுடைய மகன். பின்னர் அப்துர் ரஹ்மான் மரணப் படுக்கையில் இருந்தபோது துமாளிரை மீட்க முடியாத வகையில் மணவிலக்குச் செய்தார். அவர் இறந்ததும் கலீஃபா உஸ்மான் அந்த மணவிலக்கைப் பொருட்படுத்தாமல் துமாளிருக்கு மனைவிக்குரிய பங்கை வழங்கினார்.

மரணநோயில் செய்யப்படும் மணவிலக்கு வாரிசுரிமையைப் பறிக்குமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த வழக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது. மணவிலக்குக்குப் பிந்திய காத்திருப்புக் காலத்துக்குள் கணவர் இறந்தால் பங்கு உண்டு என்பது இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனஃபி மரபு. அக்காலம் கடந்திருந்தாலும், பெண் மறுமணம் செய்திருந்தாலும்கூட உண்டு என்பது மாலிகி மரபு; மறுமணம் செய்யாதவரை உண்டு என்று ஹன்பலி மரபு சொல்கிறது; ஷாஃபி மரபின் பிற்காலக் கருத்தோ பங்கு இல்லை என்பதாகும். கவிஞர்களின் உலகில் அடைமொழிக்குப் பின்னால் மறைந்துபோன பெயர், சட்ட நூல்களில் இந்தப் பெண்ணால் தன் சொந்த உருவிலேயே வாழ்ந்தது.

இப்பெயர் ஏன் அரிதாயிற்று என்பதற்கான விடையில் பாதி இங்கேதான் இருக்கிறது. புகழ்பெற்ற முன்னோரின் நினைவாகவே பெரும்பாலான பழம்பெயர்கள் தலைமுறை தாண்டி நடக்கின்றன. துமாளிரைத் தாங்கியவர்களில் மிகப் புகழ்பெற்றவரோ அந்தப் பெயரால் அறியப்படவில்லை. அவரைப் போற்ற விரும்பிய பெற்றோர் மகளுக்குக் கன்ஸா என்றே பெயரிட்டார்கள். பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் அந்தப் பெயரே வைக்கப்பட்டது. மற்றொரு பாதி மொழியைச் சார்ந்தது. மாளிர் என்ற பால் பேச்சுவழக்கிலிருந்து மறைந்தபோது, பெயரின் பொருள் அகராதியைப் புரட்டுவோருக்கு மட்டுமே புலப்படுவதாயிற்று. குர்ஆனில் இடம்பெறாத பெயர் என்பதும், நபிகள் நாயகத்தின் துணைவியர், மகள்கள் ஆகியோரின் பெயராக இல்லை என்பதும், அரபு பேசாத முஸ்லிம் நாடுகளுக்கு அது பெரிதாகப் பரவாமல் தடுத்திருக்க வேண்டும்.

இருந்தும் பெயர் அற்றுப்போய்விடவில்லை. எகிப்தியத் தொலைக்காட்சிக்குத் தலைமை வகித்த முதல் பெண்ணான துமாளிர் தவ்ஃபீக் இப்பெயருடையவர். 2018-இல் சவூதி அரேபியாவின் தொழிலாளர் மற்றும் சமூக வளர்ச்சித் துறையின் துணை அமைச்சராக அமர்த்தப்பட்ட துமாளிர் அர்-ரம்மாஹ்வும் அவ்வாறே.

இவர்களுடைய பெயரை இலத்தீன் எழுத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரே பெயர்தானா என்று ஐயம் வரக்கூடும். நடுவில் உள்ள ளாத் என்ற எழுத்தே அதற்குக் காரணம். அரபியர் தங்கள் மொழியையே "ளாத் மொழி" என்று அழைத்துப் பெருமைப்படும் அளவுக்குத் தனித்தன்மை வாய்ந்த ஒலி அது. எகிப்திலும் சிரியாவிலும் அது அழுத்தமான "த" ஒலியாக மாறிவிட்டது. வளைகுடா நாடுகளில் நாக்கு நுனி பற்களைத் தொட்டு உரசும் வேறொரு ஒலியோடு கலந்துவிட்டது. ஆனால் எட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியரான ஸீபவைஹி, நாக்கின் பக்கவாட்டு விளிம்புக்கும் அதை அடுத்த கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பிறக்கும் ஒலி என்று அதை வரையறுக்கிறார். பக்கவாட்டில் காற்று வெளியேறினால் அதில் லகர, ளகரச் சாயல் இருக்கும். அரபியிலிருந்து "காளி" என்ற நீதிபதியின் பட்டத்தைக் கடன் வாங்கிய ஸ்பானியர் அதை "அல்கால்தே" என்று லகரத்தோடு சொன்னதற்கும், தமிழில் ரமளான் என்றும் ரமழான் என்றும் ரமலான் என்றும் எழுதும் வழக்கம் ஏற்பட்டதற்கும் அந்தப் பழைய ஒலியே அடிப்படை.

அந்த வகையில் தமிழில் இப்பெயரைத் துமாளிர் என்று எழுதுவது மூல ஒலிக்கு நெருங்கிய தேர்வாகும். ரமழான் என்று எழுதும் வழக்குடையோர் துமாழிர் என்று எழுதலாம். இன்றைய எகிப்திய உச்சரிப்பைப் பின்பற்றித் துமாதிர் என்று எழுதினாலும் பிழையில்லை. எழுத்து எதுவாயினும் முதல் உயிர் உகரமாக இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் அரபியரே அதைத் தளர்த்தித் "தமாளிர்" என்று சொல்வதுண்டு. இலத்தீன் எழுத்து வடிவங்கள் அந்தத் தளர்ச்சியை நிலைப்படுத்திவிட்டன. ஆனால் "அவள் செய்கிறாள்" என்ற வினையின் அமைப்பு, தொடக்கத்தில் உள்ள அந்த உகரத்தாலும் அதை அடுத்து நீளும் "மா" என்ற நெடிலாலும்தான் அடையாளம் காணப்படுகிறது.